ஊர் திரும்ப முடியாத குதிரை

பனிக்கு அஞ்சாதது, பொடிப்பூச்சிக்கு அஞ்சுகிறது!

மாலை நேரம். ஜெர்மனி நாட்டில் ஒரு புல்வெளி.

அங்கே ஒரு குதிரை நிற்கிறது. வாலின் அடிப்பக்கத்தை வேலிக் கம்பத்தில் வைத்துத் தேய்க்கிறது. கம்பம் ஆடுகிறது. குதிரை விடவில்லை. மேலும் மேலும் தேய்க்கிறது.

பிறகு கழுத்தைத் தேய்க்கிறது. பிடரி மயிர் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. தோல் உரிகிறது. இரத்தம் கசிகிறது. அப்போதும் நிறுத்தவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு குதிரை. அது பாட்டுக்குப் புல் மேய்கிறது. அதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டும் ஒரே இனத்துக் குதிரைகள்தான். ஒரே புல், ஒரே தண்ணீர், ஒரே லாயம். ஆனால் ஒன்று ஜெர்மனியிலேயே பிறந்தது. மற்றொன்று ஐஸ்லாந்தில் பிறந்து, கடல் கடந்து வந்தது.

தேய்த்துக் கொண்டு நிற்பது எது தெரியுமா? ஐஸ்லாந்தில் பிறந்ததுதான்!

இப்படி ஒரு காட்சியை ஐரோப்பாவில் பல பண்ணைகளில் பார்க்கலாம். அந்தக் குதிரைக்கு வந்திருப்பது பூச்சிக்கடி அலர்ஜி. இங்கிலாந்தில் இதை "இனிப்பு அரிப்பு" என்கிறார்கள். இதில் இனிப்பு எங்கே இருக்கிறது என்று அந்தக் குதிரையைத்தான் கேட்கவேண்டும்! ஜெர்மானியர் "கோடைச் சொறி" என்கிறார்கள். அதுதான் பொருத்தமான பெயர். கோடையில் வரும், குளிர் காலத்தில் மறையும், மறு கோடையில் திரும்பவும் வரும்.

பனி நாட்டுக் குதிரை

ஐஸ்லாந்து, ஐரோப்பாவுக்கு வடமேற்கே நடுக்கடலில் இருக்கும் தீவு. பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. ஜனத்தொகை 4 லட்சத்துக்கும் குறைவு. நம் ஊரில் ஒரு நடுத்தர நகரத்து ஜனங்கள் அவ்வளவுதான்.

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் நார்வே முதலிய நாடுகளிலிருந்து மக்கள் அங்கே குடியேறினார்கள். திறந்த படகுகளில் போனார்கள். ஆடு, மாடுகளோடு குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் குதிரைகளின் வழிவந்தவைதான் இன்று அங்கே இருப்பவை.

பார்ப்பதற்குக் குள்ளம். முதுகு வரை அளந்தால் ஏறக்குறைய நாலரை அடி. நம் ஊரில் பார்த்தால் "மட்டக் குதிரை" என்று சொல்லிவிடுவோம். ஐஸ்லாந்துக்காரர் காதில் விழாமல் சொல்லவேண்டும்! அவர்களுக்கு அது குதிரைதான். மட்டம் என்றால் கோபம் வந்துவிடும்.

கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. உருவம் சிறிதே தவிர, உடம்பு இரும்பு. பெரிய ஆளைச் சுமந்துகொண்டு கல்லிலும் ஆற்றிலும் போகும். குளிர் காலத்தில் ரோமம் அடர்த்தியாக வளரும். பனிக்காற்று வீசும்போது, கூட்டமாகச் சேர்ந்து, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டவெளியிலேயே நிற்கும்.

1783-ம் ஆண்டில் ஐஸ்லாந்தில் லாக்கி என்னும் இடத்தில் பூமி பிளந்து எரிமலை கக்கியது. நச்சுப் புகை புல்லின்மேல் படிந்தது. அதைத் தின்ற ஆடு, மாடு, குதிரைகள் ஏராளமாக மடிந்தன. பஞ்சத்தில் மனிதர்களும் மடிந்தார்கள். அதிலும் தப்பிப் பிழைத்த குதிரைகள் இவை.

மற்றக் குதிரைகள் பலவற்றுக்கு இல்லாத ஒரு நடையும் இதற்கு உண்டு. அதற்கு "டோல்ட்" என்று பெயர். வேகமாகப் போகும்; ஆனால் மேலே இருப்பவரைக் குலுக்காது. கையில் கோப்பை நிறைய பீரை வைத்துக்கொண்டு, சிந்தாமல் சவாரி செய்து காட்டுவார்கள்.

இந்த நடைக்காகவும், சாதுவான குணத்துக்காகவும் வெளிநாட்டார் இதை விரும்பி வாங்குகிறார்கள். ஜெர்மனி, ஸ்வீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து என்று பல நாடுகளுக்குப் போகிறது. 2021-ம் ஆண்டில் மட்டும் 3 ஆயிரத்துக்கும் அதிகமான குதிரைகள் ஏற்றுமதி ஆயின. குதிரைகள் விமானத்தில் பறந்து போகின்றன!

போனால் வர முடியாது

இங்கேதான் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது.

ஐஸ்லாந்துக்குள் எந்தக் குதிரையும் வரக் கூடாது. வெளிநாட்டுக் குதிரை மட்டும் அல்ல. ஐஸ்லாந்திலேயே பிறந்த குதிரையாக இருந்தாலும், ஒரு தடவை வெளியே போய்விட்டால், திரும்ப வர முடியாது. இந்தத் தடை கி.பி. 982-ம் ஆண்டிலேயே தொடங்கியது என்று சொல்கிறார்கள்.

சர்வதேசக் குதிரைப் பந்தயங்களுக்கு ஐஸ்லாந்து வீரர்கள் போவார்கள். தங்கள் அருமைக் குதிரையையும் கொண்டுபோவார்கள். வெற்றியும் பெறுவார்கள். பிறகு? வீரர் ஊருக்குத் திரும்புவார். குதிரை திரும்பாது. அங்கேயே விற்றுவிட வேண்டியதுதான். பழைய சேணத்தைக்கூட ஊருக்குக் கொண்டுவர அனுமதி இல்லை.

"இது என்ன கொடுமை!" என்று தோன்றும். ஆனால் காரணம் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் தனித்தீவில் வாழும் குதிரைகள். வெளிநாட்டு நோய்கள் பல இவற்றுக்குப் பழக்கம் இல்லை. ஒரு குதிரைக்கு நோய் வந்தால், நாடு முழுவதும் பற்றிக்கொள்ளும்.

2010-ம் ஆண்டில் அப்படித்தான் நடந்தது. ஒரு புதிய இருமல் நோய் எப்படியோ உள்ளே புகுந்தது. நாட்டில் இருந்த குதிரைகள் ஏறக்குறைய எல்லாமே இருமின! அந்த ஆண்டு நடக்க இருந்த பெரிய குதிரைத் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள்.

ஆகவே சட்டத்தில் தளர்வு கிடையாது. வெளிநாட்டில் ஒரு குதிரைக்குச் சொறி வந்துவிட்டால், "ஊருக்கு அனுப்பிவிடுவோம், அங்கே குணமாகிவிடும்" என்று சொல்ல வழி இல்லை. உண்மையில், ஊருக்குப் போனால் குணமாகிவிடும். ஆனால் போக முடியாது. இந்த நோயின் கொடுமையே அதுதான்.

ஊசி முனை எதிரி

சரி, அங்கே வராத நோய் இங்கே மட்டும் ஏன் வருகிறது?

எல்லாம் ஒரு பூச்சியின் வேலை.

கொசுவைவிட மிகச் சிறியது. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். பறந்தால் கண்ணில் தூசி போலத்தான் தெரியும். சாதாரணக் கொசுவலையின் ஓட்டைக்குள்ளே சுகமாக நுழைந்துவிடும். விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் குலிகாய்டஸ். நாம் "பொடிப்பூச்சி" என்றே சொல்லிக்கொள்வோம்.

நம் நாட்டிலும் இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் உண்டு. ஆடு வளர்ப்போர் நீலநாக்கு நோய் என்றால் அஞ்சுவார்கள் அல்லவா? அந்த நோயை ஆட்டுக்கு ஆடு பரப்புவதும் பொடிப்பூச்சிதான்.

ஈரமான சேறு, அழுகிய இலை, சாணக் குவியல், குட்டையின் ஓரம், இவைதான் பொடிப்பூச்சியின் பிறப்பிடம். ஆண் பூச்சி கடிக்காது. செடியின் சாற்றைக் குடித்துக்கொண்டு காலம் தள்ளும். பெண் பூச்சிதான் கடிக்கும். முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். பொழுது விடியும் நேரத்திலும், பொழுது சாயும் நேரத்திலும்தான் அது இரை தேடிக் கிளம்பும்.

அதற்கு ஒரே ஒரு பலவீனம். சரியாகப் பறக்கத் தெரியாது. சிறிது காற்று அடித்தாலும் பறக்க முடியாமல் ஒதுங்கிவிடும்.

ஐஸ்லாந்திலோ காற்று ஓயாமல் அடிக்கும். குளிரும் அதிகம். குதிரைகளைப் பாடாய்ப் படுத்தும் பொடிப்பூச்சி வகைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்ததில்லை. 2015-ம் ஆண்டிலிருந்து ஒரு வகை அங்கேயும் தலைகாட்டியிருக்கிறது. கோடையில் தூங்குகிற மனிதர்களைக் கடிக்கிறது.

கொசுவின் கதை அதைவிட வேடிக்கை. ஐஸ்லாந்தில் நெடுங்காலம் கொசுவே கிடையாது. 2025 அக்டோபரில்தான் முதல் முறையாக வெட்டவெளியில் 3 கொசுக்கள் பிடிபட்டன. மூன்றே மூன்று கொசு! அது உலகச் செய்தி ஆகிவிட்டது. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு நிமிஷத்தில் அதற்கு மேல் அடித்துவிடுவோம்.

காவற்காரன் செய்யும் கலகம்

பூச்சி குடிக்கும் இரத்தம் ஒரு சொட்டுக்கூட இருக்காது. அதனால் குதிரைக்கு ஒன்றும் வந்துவிடாது. தொல்லை, பூச்சி உள்ளே விடும் எச்சிலில் இருக்கிறது.

இரத்தம் உறைந்துவிடாமல் இருக்கப் பூச்சி தன் எச்சிலைத் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் பல வகைப் புரதங்கள் இருக்கின்றன. அவை விஷம் அல்ல. பெரும்பாலான குதிரைகளின் உடம்பு அவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. கடித்த இடத்தில் சிறு தடிப்பு வரும், போய்விடும்.

ஆனால் சில குதிரைகளின் உடம்பு அதைப் பெரிய பகையாக எண்ணிவிடுகிறது.

ஒரு வீட்டில் காவற்காரன் இருக்கிறான். திருடன் வந்தால் கூச்சல் போடவேண்டும். அதுதான் அவன் வேலை. ஆனால் தபால்காரர் வந்தாலும், பால்காரர் வந்தாலும் அவன் கூச்சல் போட்டு, கதவையும் ஜன்னலையும் உடைத்தால் என்ன ஆகும்? வந்தவரால் நஷ்டம் இல்லை. காவற்காரனால்தான் நஷ்டம். அலர்ஜி என்பது அதுதான்.

தோலுக்குள் சில காவல் அணுக்கள் இருக்கின்றன. பூச்சியின் எச்சில் பட்டவுடன் அவை வெடித்தாற்போல ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. தோல் வீங்குகிறது. தாங்க முடியாத அரிப்பு எடுக்கிறது. பிறகு இரத்தத்திலிருந்து வேறு வகை வெள்ளை அணுக்களும் அங்கே ஓடிவந்து கலகத்தைப் பெரிதாக்குகின்றன.

மனிதனுக்குக் கை இருக்கிறது, சொறிந்துகொள்கிறான். குதிரை என்ன செய்யும்? மரத்தில் தேய்க்கும். சுவரில் தேய்க்கும். தரையில் புரளும். பிடரி, வாலின் அடி, வயிற்றின் நடுக்கோடு, இந்த இடங்களில்தான் புண் அதிகம். நாளடைவில் தோல் யானைத் தோல் போலத் தடித்து மடிப்பு விழுந்துவிடும். வாலில் மயிர் போய், எலி வால் போல ஆகிவிடும். புண்ணில் ஈ மொய்க்கும். சேணம் வைக்க முடியாது. சாதுவான குதிரை எரிச்சல் பிடித்ததாக மாறிவிடும்.

நோய் மிகவும் முற்றி, எதற்கும் அடங்காமல் போனால், வலியில்லாமல் அதன் உயிரைப் போக்கிவிடுவதும் உண்டு. ஆசையாக வாங்கிய குதிரையை அப்படி இழந்த குடும்பங்கள் ஐரோப்பாவில் இருக்கின்றன.

இது தொற்று நோய் அல்ல. ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியிலும் இதே சொறி குதிரைகளை வாட்டியது. அங்கே ரீக் என்ற ஆராய்ச்சியாளர் 1953, 1954-ம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். இது பொடிப்பூச்சிக் கடியால் வரும் அலர்ஜியே என்று எடுத்துக்காட்டினார்.

குட்டிப் பருவத்தின் பாடம்

இப்போது அந்த இரண்டு குதிரைகளுக்குத் திரும்புவோம். ஒரே இனம். ஒன்றுக்கு உண்டு, ஒன்றுக்கு இல்லை. ஏன்?

ஐரோப்பாவிலேயே பிறந்த ஐஸ்லாந்து இனக் குதிரைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே இந்த நோய் வருகிறது. ஐஸ்லாந்தில் பிறந்து வளர்ந்தபின், பொடிப்பூச்சி மிகுந்த இடத்துக்குப் போய் இரண்டு ஆண்டுக்கு மேல் வாழும் குதிரைகளில் ஏறத்தாழ பாதிக்கு வந்துவிடுகிறது.

பாதி என்றால் சும்மாவா? இரண்டு குதிரை வாங்கினால் ஒன்றுக்குச் சொறி!

ஐரோப்பாவில் பிறக்கும் குட்டியைத் தாயின் மடியில் பால் குடிக்கும் நாளிலேயே பூச்சி கடித்துவிடுகிறது. அப்போது உடம்பின் காவற்காரன் பாடம் படிக்கும் வயதில் இருக்கிறான். "இது தினமும் வருகிற ஆள், கூச்சல் போட வேண்டாம்" என்று கற்றுக்கொள்கிறான்.

ஐஸ்லாந்துக் குட்டிக்கு அந்தப் பாடமே நடப்பதில்லை. வளர்ந்து பெரிதாகி, ஐந்து வயதிலோ ஏழு வயதிலோ வெளிநாடு போகிறது. அங்கே முதல் முறையாகப் பூச்சியைச் சந்திக்கிறது. காவற்காரனுக்கு ஆள் தெரியவில்லை. கலகம் செய்துவிடுகிறான்.

பால் மறந்த சிறு வயதிலேயே ஏற்றுமதியான குட்டிகளுக்கு இந்த நோய் குறைவாகவே வந்தது என்றும் ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது. ஆக, வயதுதான் முக்கியம். ஆனால் அந்த வயதில் குட்டியை வாங்க யார் வருவார்கள்? நடை பழகிய, சவாரிக்குத் தயாரான குதிரைதான் எல்லாருக்கும் வேண்டும்.

இன்னொரு வஞ்சனை. புதிதாக வந்த குதிரைக்கு முதல் கோடையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "நம் குதிரைக்கு ஒன்றும் இல்லை" என்று சொந்தக்காரர் மகிழ்ச்சியாக இருப்பார். இரண்டாவது, மூன்றாவது கோடையில்தான் குதிரை வாலைத் தேய்க்க ஆரம்பிக்கும்.

பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. தாய்க்கோ தகப்பனுக்கோ இந்த அலர்ஜி இருந்தால், குட்டிக்கும் வர வாய்ப்பு அதிகம். மற்ற இனங்களிலும் இது இருக்கிறது. ஹாலந்து நாட்டின் கறுப்புக் குதிரைகளான பிரீசியன் இனத்திலும், ஷெட்லாந்து மட்டக் குதிரைகளிலும் வருகிறது. ஆனால் ஐஸ்லாந்துக் குதிரையைப் போல எதுவும் இதற்கு இரையாகவில்லை.

போர்வை போர்த்திய குதிரை

வைத்தியம் என்ன?

முதலில் நோய் இதுதானா என்று டாக்டர் பார்க்கவேண்டும். வாலைத் தேய்க்கும் குதிரைக்கெல்லாம் பூச்சிக்கடி அலர்ஜி என்று சொல்லிவிட முடியாது. பேன் இருந்தாலும் தேய்க்கும். குடலில் கீரிப்பூச்சி போன்ற புழு இருந்தாலும், அது ஆசனவாயில் முட்டை இடுவதால், வாலைத்தான் தேய்க்கும். கோடையில் வந்து குளிரில் மறைகிறதா, ஆண்டுதோறும் அதே மாதத்தில் திரும்புகிறதா என்பதுதான் பெரிய அடையாளம்.

நோய் இதுதான் என்று முடிவானால், முதல் வைத்தியம் மருந்து அல்ல. பூச்சி கடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான். கடி இல்லை என்றால் எச்சில் இல்லை. எச்சில் இல்லை என்றால் அரிப்பு இல்லை.

அதற்காக ஒரு போர்வை செய்திருக்கிறார்கள். மெல்லிய, நெருக்கமான துணி. கழுத்து, முதுகு, வயிறு, வால் எல்லாவற்றையும் மூடும். சிலவற்றில் காதுக்கும் முகத்துக்கும்கூட உறை உண்டு. கண்ணும் மூக்கும் வாயும் காலும்தான் வெளியே தெரியும். பார்த்தால் முக்காடு போட்ட பாட்டி போல இருக்கும்! குழந்தைகள் சிரிப்பார்கள். ஆனால் குதிரை நிம்மதியாகப் புல் மேயும்.

போர்வை விஷயத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. குதிரை சொறிய ஆரம்பித்த பிறகு போர்த்துவார்கள். அது தாமதம். காவற்காரன் விழித்துக்கொண்ட பிறகு அவனை அடக்குவது கஷ்டம். வசந்த காலத்தில் முதல் பூச்சி பறப்பதற்கு முன்பே போர்த்திவிட வேண்டும். வட ஐரோப்பாவில் ஏப்ரல் அளவில் போர்த்தினால், அக்டோபர் வரை கழற்றக் கூடாது. கிழிந்தால் அன்றைக்கே தைக்க வேண்டும். கையகலக் கிழிசல் போதும்; பொடிப்பூச்சி அதைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது லாயம். மாலை 4 மணிக்குக் குதிரையை உள்ளே கொண்டுவந்து, மறுநாள் காலை 8 மணிக்கு வெளியே விடச் சொல்கிறார்கள். பூச்சி கிளம்பும் இரண்டு வேளையும் அதில் கழிந்துவிடும். லாயத்து ஜன்னலுக்கு மிக நெருக்கமான வலை அடிக்க வேண்டும். உள்ளே ஒரு பெரிய மின்விசிறியை ஓடவிட்டால் இன்னும் நல்லது. காற்றில் பூச்சி பறக்காது அல்லவா?

மேய்ச்சல் நிலமும் முக்கியம். குட்டை, சேறு, மரக்கூட்டம், சாணக் குவியல் இவற்றின் அருகே கட்டக் கூடாது. மேட்டு நிலமாக, காற்று வீசும் இடமாக இருக்கவேண்டும். சிலர் குதிரையைக் கடற்கரைப் பக்கத்துப் பண்ணைக்கே மாற்றிவிடுகிறார்கள். தாய்நாட்டுக் காற்றுக்குப் பதில் ஏதோ ஒரு காற்று!

இத்தனையும் தினசரி வேலை. வாரத்தில் ஒரு நாள் செய்துவிட்டு ஆறு நாள் மறந்தால் பலன் இல்லை. வேலைக்குப் போகிறவர் மாலை 4 மணிக்கு வீட்டில் எப்படி இருப்பார்? அதனால் பக்கத்து வீட்டாரோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளோ குதிரையை உள்ளே கட்டுவார்கள்.

எண்ணெயும் மருந்தும்

பூச்சியை விரட்டும் தைலங்கள் உண்டு. பென்சைல் பென்சோயேட் என்ற மருந்தை நெடுங்காலமாகத் தடவி வருகிறார்கள். நம் ஊரில் சிரங்குக்குத் தடவும் அதே மருந்துதான். ஆனால் புண் வருவதற்கு முன் தடவவேண்டும். புண்ணின் மேல் தடவினால் எரியும்.

பெர்மெத்ரின் என்ற மருந்தும் இருக்கிறது. பூச்சி அதற்குப் பயப்படும். ஆனால் லாயத்தில் பூனை இருந்தால் ஜாக்கிரதை! குதிரைக்குத் துன்பம் செய்யாத அளவே பூனையின் உயிரைக் குடித்துவிடும். மருந்து காயும் வரை பூனையை அண்டவிடக் கூடாது.

அரிப்பு மிகுந்து, குதிரை தன்னையே கிழித்துக்கொள்ளும் நிலை வந்தால், டாக்டர் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார். அரிப்பு அடங்கும். பார்ப்பவருக்கு அதிசயமாக இருக்கும். "இதையே தினமும் கொடுத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

கொடுக்கக் கூடாது. அந்த மருந்து அளவுக்கு மிஞ்சினால் குதிரையின் குளம்பைக் கெடுக்கும் என்ற பயம் இருக்கிறது. குளம்புக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள சதை வீங்கி, குதிரை நிற்கவே முடியாமல் போகும். சொறியோடு இருக்கும் குதிரை ஓடும். குளம்பு போன குதிரை என்ன செய்யும்? ஆகவே டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள். அதற்கு மேல் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

மனிதர்களுக்கு அலர்ஜி என்றால் ஒரு மாத்திரை போட்டுத் தூங்க வைக்கிறோமே, அந்த வகை மாத்திரைகளைக் குதிரைக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில குதிரைகளுக்குக் கேட்கிறது. பலவற்றுக்குக் கேட்பதில்லை. பந்தயக் குதிரையாக இருந்தால் இன்னொரு சிக்கல். இம்மாதிரி மருந்துகளுக்குப் பந்தய விதிகளில் தடை உண்டு.

புண்ணைத் தண்ணீரால் கழுவிச் சுத்தமாக வைத்து, ஆற்றும் களிம்பு போட்டு, ஈ அண்டாமல் காப்பது சின்ன வேலைதான். ஆனால் குதிரைக்கு உடனே சுகம் தருவது அதுவே.

ஊசியும் வாற்கோதுமையும்

போர்வையும் தைலமும் பூச்சியைத் தடுக்கும். காவற்காரனுக்கு யார் புத்தி சொல்வது?

அதற்குத்தான் இரண்டு இடங்களில் விஞ்ஞானிகள் பாடுபட்டு வந்திருக்கிறார்கள்.

ஒன்று, சுவிட்சர்லாந்தில் உள்ள ஜூரிச் பல்கலைக்கழகம். கலகத்தைப் பெரிதாக்க வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன என்று சொன்னோம் அல்லவா? அவற்றை அழைத்துவரும் ஒரு பொருள் உடம்பிலேயே சுரக்கிறது. அந்த அழைப்பையே தடுக்கும்படி ஓர் ஊசி மருந்து செய்தார்கள். 34 ஐஸ்லாந்துக் குதிரைகளை வைத்துச் சோதித்தார்கள். சிலவற்றுக்கு மருந்து, சிலவற்றுக்கு வெறும் ஊசி. எதற்கு எது என்று குதிரைக்காரருக்கும் தெரியாது.

2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து போட்ட குதிரைகளில் ஏறத்தாழ பாதிக்குப் புண் பாதியாகக் குறைந்திருந்தது. வெறும் ஊசி போட்டவற்றில் அப்படிக் குறைந்தவை மிகச் சில. பூரண குணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நல்ல செய்திதான்.

மற்றொரு முயற்சி ஐஸ்லாந்திலேயே நடந்தது. தலைநகர் ரேக்யவிக் அருகே கெல்டூர் என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ளவர்களும், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து உழைத்தார்கள்.

இவர்கள் எண்ணம் வேறு. நோய் வந்தபின் அடக்குவது அல்ல, வராமலே தடுப்பது. ஏற்றுமதி ஆகும் முன்பே குதிரைக்குப் பூச்சியின் எச்சிலை "அறிமுகம்" செய்துவைத்தால் என்ன? குட்டிப் பருவத்தில் நடக்காமல் போன பாடத்தை இப்போது நடத்தினால் என்ன?

நல்ல யோசனை. ஆனால் பொடிப்பூச்சியின் எச்சிலை எப்படிச் சேர்ப்பது? ஆயிரம் பூச்சியைப் பிழிந்தாலும் ஒரு துளி தேறாது! ஆகவே எச்சிலில் எந்தெந்தப் புரதங்கள் அலர்ஜி உண்டாக்குகின்றன என்று முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்தப் புரதங்களைச் சோதனைச் சாலையிலேயே உண்டாக்கினார்கள். அதை ஊசி மூலம் குதிரையின் தாடைக்குக் கீழே உள்ள நெறிக்கட்டிக்குள் செலுத்தினார்கள். காவற்காரர்கள் கூடும் பள்ளிக்கூடம் அதுதான்.

இன்னொரு வழியும் பார்த்தார்கள். இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பூச்சியின் எச்சில் புரதம் வாற்கோதுமைத் தானியத்திலேயே விளையும்படி செய்தார்கள்! அந்தத் தானியத்தின் மாவைக் குதிரையின் வாயில் கொஞ்ச நேரம் தங்கவைக்க வேண்டும். குதிரை மாவை விழுங்கிவிடுமே? அதற்காகத் தனியாக ஒரு கடிவாள இரும்பு செய்தார்கள். உள்ளே கூடு, மேலே ஓட்டைகள். கூட்டுக்குள் மாவை அடைத்து வாயில் மாட்டிவிட்டார்கள். குதிரை மென்றுகொண்டே இருந்தது. மாவு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வாயில் ஊறியது.

இரத்தத்தைச் சோதித்தபோது, புரதத்தை அடையாளம் கண்டு உடம்பு பதில் சொல்லியிருந்தது தெரிந்தது.

அது சோதனைச் சாலைப் பரீட்சை. உண்மையான பரீட்சை எது? பூச்சி கடிக்க வேண்டும். கடித்தும் சொறி வராமல் இருக்க வேண்டும். அதுவும் ஒரு கோடை போதாது. நோய் தலைகாட்ட இரண்டு, மூன்று கோடை ஆகுமே!

ஆனால் ஐஸ்லாந்தில் அந்தப் பூச்சி ஏது? பூச்சியை உள்ளே கொண்டுவருவதும் ஆகாத காரியம். ஆகவே பரீட்சை எழுதக் குதிரைகள்தான் வெளிநாடு போகவேண்டும். தடுப்பு மருந்து போட்ட குதிரைகளை 2020-ம் ஆண்டில் விமானத்தில் ஏற்றி, சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். போர்வை இல்லாமல், தைலம் இல்லாமல், பொடிப்பூச்சி பறக்கும் புல்வெளியில் அவை மேய்ந்தன.

எத்தனையோ குதிரைகளைச் சொறியிலிருந்து காப்பாற்றப் போன குதிரைகள் அவை. ஆனாலும் சட்டத்தில் அவற்றுக்கு விலக்கு இல்லை. ஐஸ்லாந்துக்கு அவையும் திரும்ப முடியாது.